எல்லாத்தையும் விட்டவர்

அவரைப் பத்தி நான் நாலு வார்த்தை பேசணுமாம். யோகா குரூப்லேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. அவர் போய்ச் சேர்ந்து அடுத்த மாசம் வருஷம் ஒண்ணு ஆகுது, மொட்டைமாடியில படம் வச்சு மாலை போட்டு எல்லாரும் பேசப் போறாங்களாம். "நீங்க அவரோட கொழுந்தியாதானேம்மா, கூடவே இருந்து பார்த்தவங்க. எப்படிப் பற்றில்லாம வாழ்ந்தார்னு ரெண்டு சம்பவம் சொன்னீங்கன்னா எங்களுக்கெல்லாம் இன்ஸ்பிரேஷனா இருக்கும்" அப்படின்னாங்க.

என்னால முடியாதுங்கன்னு போனை வச்சுட்டேன். வச்சதுலேர்ந்து எனக்குப் பத்திக்கிட்டு வருது. சம்பவம்தானே வேணும்? சொல்றேன். மாடியில மைக் பிடிச்சு இதைச் சொன்னா அத்தனை பேரும் எழுந்து போயிடுவாங்க, அதனால இங்க சொல்றேன்.

அவர் எங்க அக்கா வீட்டுக்காரர். நான் அத்தான்னுதான் கூப்பிடுவேன். எங்க தாத்தா திருச்சிப் பக்கத்துலேர்ந்து ரயில்வே வேலைக்காகச் செகந்திராபாத் வந்தவர். அதோட எங்க குடும்பம் இங்கேயே தங்கிடுச்சு. அல்வால்ல ஒரே அபார்ட்மென்ட்ல அக்கா வீடு மேல் மாடி, என் வீடு கீழ் மாடி. அவங்க வீட்டுல ஸ்டூல் நகர்ந்தாலும் எனக்குக் கேட்கும். அதனால யாரும் வந்து எனக்கு அவரைப் பத்திக் கதை சொல்ல வேண்டாம்.

ஒல்லியா, உயரமா இருப்பாரு. வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா. ஆபீஸ்லேர்ந்து ரிட்டையர் ஆகிறதுக்கு ரொம்ப முன்னாடியே யோகாவுல இறங்கிட்டாரு. யார் எதைக் கேட்டாலும் மூணுதான் சொல்லுவாரு. உடம்பை அடக்கு, உள்ளே பாரு, பிடிச்சதை விடு. இந்த மூணாவதைச் சொல்லும்போது வலது கையை இறுக்கி மூடி, அப்புறம் விரல் ஒவ்வொண்ணாப் பிரிச்சுக் காட்டுவாரு. பால்காரன் பாக்கெட் குறைச்சுப் போட்டாலும் அதே கை. பக்கத்து ஃப்ளாட்காரன் நம்ம பார்க்கிங்ல வண்டி விட்டாலும் அதே கை. ஒரு தடவை ஆட்டோக்காரன் ஒருத்தன் அந்தக் கையைப் பார்த்துட்டு, "க்யா சாப், ஐந்நூறா?"ன்னு கேட்டான். எனக்குச் சிரிப்பு தாங்கல. அவர் அவனையும் மன்னிச்சாரு.

நல்லதையும் சொல்லிடறேன், இல்லன்னா என் வாய் அழுகிடும். அந்த ஆளு குடிச்சதில்ல. கை நீட்டினதில்ல. ஆபீஸ்ல ஒருத்தன் கிட்டயும் ஒரு டீ கூட ஓசியில வாங்கினதில்ல. எனக்கு மழைக்காலம் வந்தா இழுப்பு வந்துடும், பம்ப் இல்லாம படுக்க முடியாது. அவர்தான் தினம் பக்கத்துல உட்கார வச்சு மூச்சு விடக் கத்துக் குடுத்தாரு. பொறுமையா, ஒரு தடவைகூட முகம் சுளிக்காம. இன்னிக்கு வரைக்கும் நான் நல்லா மூச்சு விடறேன்னா அது அவர் புண்ணியம். இதுதான் என் கஷ்டமே. கெட்டவனா இருந்திருந்தா அன்னிக்கே வெளக்குமாத்தை எடுத்திருப்பேன்.

உடம்பை அடக்கறதுன்னா என்னன்னு முதல்ல கேளுங்க. விடிய இன்னும் நேரம் இருக்கும்போதே எழுந்திருப்பாரு. வென்னீர்ல குளிப்பாரு. முளைகட்டின பச்சைப்பயறு ஒரு கிண்ணம், எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தண்ணி ஒரு டம்ளர். அப்புறம் மாடிக்குப் போய் கிளாஸ். சென்னையா இருக்கட்டும், பெங்களூரா இருக்கட்டும், உறவுக்காரங்க யார் வந்தாலும் அவரைப் பார்த்து மூக்குல விரல் வைப்பாங்க. "அலாரமே இல்லாம எழுந்திருக்கார் பாரு"ம்பாங்க. அலாரம் எதுக்கு? எங்க அக்காதான் அவருக்கு முன்னாடியே எழுந்து, ஹீட்டர் போட்டு, பயறைக் கழுவி வச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, கடைசியா அவர் காலைத் தொட்டு எழுப்புவாளே. இவர் கண்ணைத் திறந்து, "நேரம் என்னை எழுப்பிடுது"ன்னு சொல்லுவாரு. நான் தலையில அடிச்சுக்குவேன். அக்கா என் கையைப் பிடிச்சு அழுத்துவா, பேசாதேன்னு.

வாஷிங் மெஷின் கதை இன்னும் மோசம். ஒரு நாள் அவருக்கு வீட்டுல சாமான் அதிகமா இருக்குன்னு தோணிடுச்சு. சோபா போச்சு. டி.வி. போச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, அக்கா காய் வாங்கப் போன நேரத்துல, வாட்ச்மேன் சம்சாரத்தைக் கூப்பிட்டு வாஷிங் மெஷினைத் தூக்கிக் குடுத்துட்டாரு. அக்கா வந்து பார்த்தா பாத்ரூம்ல சதுரமா ஒரு காலி இடம். "தேவையைக் குறைச்சா மனசு லேசாகும். துணியைக் கையால துவைக்கிறது ஒரு தியானம்"னு சொன்னாரு. யார் கையால? அவர் கையாலயா? அவருக்கு இருக்கிறதெல்லாம் வெள்ளை வேட்டி. அக்காவுக்கு இடுப்பு வலி வேற.

வாட்ச்மேன் சம்சாரம் தங்கமான பொம்பளை. ரெண்டாம் நாளே மேல வந்து, "அக்கா, மீரு பட்டலு தெண்டி, நேனு வேஸ்தானு"ன்னு சொல்லிட்டா. துணியைக் கொண்டாங்க, நான் போடறேன்னு. அதுலேர்ந்து எங்க அக்கா, புடவைத் தலைப்புல மூட்டையை மறைச்சுக்கிட்டு, தன் வீட்டு மெஷின்ல தன் புருஷன் வேட்டியைத் துவைக்க வாட்ச்மேன் ரூமுக்குப் போவா. இவர் அந்த வேட்டியைக் கட்டிக்கிட்டு மாடியில உட்கார்ந்து, கையால துவைச்ச துணியில ஒரு சாத்விகம் இருக்குன்னு கிளாஸ் எடுப்பாரு. அங்க இருந்தவங்க தொட்டுப் பார்த்து ஆமாம் ஆமாம்னாங்களாம். நான் சொல்லட்டுமாடின்னு அக்காவைக் கேட்டேன். "விடு, அவருக்கு அது சந்தோஷம்"னுட்டா.

சரி, இதெல்லாம் சிரிச்சுட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது இனிமேதான்.

உள்ளே பாருன்னு சொல்லுவார்னு சொன்னேன் இல்ல? அதுக்கு வீட்டுல ஒரு முறை வச்சிருந்தாரு. உள்பார்வைன்னு பேரு. சாயங்காலம் விளக்கேத்தினதும் ஹால்ல பாய் விரிச்சு எல்லாரும் உட்காரணும். அன்னிக்குத் தான் செஞ்ச தப்பை ஒவ்வொருத்தரா வாய் விட்டுச் சொல்லணும். ஒருத்தர் சொல்லும்போது அடுத்தவர் குறுக்க பேசக் கூடாது. விருந்தாளிக்கும் விதிவிலக்கு கிடையாது. அவர்தான் முதல்ல சொல்லுவாரு. "இன்னிக்கு ரெண்டாவது போண்டா மேல ஆசை வந்தது." அவ்வளவுதான், அவர் செஞ்ச பாவம் அதோட முடிஞ்சது. அப்புறம் அக்கா. பாலைப் பொங்க விட்டுட்டேன், காய்காரிகிட்ட சத்தம் போட்டேன். ஒரு நாள் என்னையும் பிடிச்சு உட்கார வச்சாரு. "இன்னிக்கு எனக்கு உங்க மேலதான் அத்தான் கோபம் வந்துச்சு"ன்னேன். அவர் கண்ணை மூடிச் சிரிச்சுட்டு, "ரொம்ப நல்லது. அதையே கவனி"ன்னாரு. கவனிக்கிறேன் அத்தான், இன்னிக்கு வரைக்கும் கவனிச்சுக்கிட்டேதான் இருக்கேன்.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, ஹேமா. இன்டர், அதான் ப்ளஸ் டூ, படிக்கிறப்போ ஒரு நாள் அந்தப் பாயில உட்கார்ந்து, பாவம், உண்மையைச் சொல்லிடுச்சு. காலேஜ் பஸ்ல ஒரு பையன் தினம் இடம் பிடிச்சு வைக்கிறான், அவனோட பேசினா நல்லா இருக்குன்னு. இவர் முகம் மாறல. "உண்மை சொன்ன பார், அதுதான் பெரிசு"ன்னு தலையைத் தடவினாரு. குழந்தைக்கு ஒரே சந்தோஷம், கீழே ஓடி வந்து என்கிட்ட, "சித்தி, அப்பா கோச்சுக்கவே இல்ல!"ன்னுச்சு. மறு வாரம் அந்தக் காலேஜ் நின்னு போச்சு. லேடீஸ் காலேஜ்ல சேர்த்து, பஸ்ஸையும் நிறுத்தி, தானே கொண்டு விட்டுக் கூட்டிட்டு வந்தாரு. தண்டனை இல்லையாம். சூழ்நிலையை மாத்தறாராம்.

அதுக்கப்புறம் ஹேமா அந்தப் பாயில உட்கார்ந்து ஒரே தப்பைத்தான் சொல்லும். "சாதம் மிச்சம் வச்சேன்." படிப்பு முடிஞ்சு பேகம்பேட்ல வேலைக்குப் போனப்பவும் அதேதான். சாதம் மிச்சம் வச்சேன். இவர் என்கிட்ட வந்து, "பார்த்தியா, என் பொண்ணுக்குத் தப்புன்னா சாதம் மிச்சம் வைக்கிறதுதான். அவ்வளவு சுத்தமான மனசு"ன்னு பூரிச்சுப் போவாரு. எனக்கு அவர் சட்டையைப் பிடிச்சு உலுக்கணும் போல இருக்கும். உள்ளே பாரு, உள்ளே பாருன்னு ஊருக்கெல்லாம் சொல்ற மனுஷன், எதிர்ல உட்கார்ந்திருக்கிற பொண்ணு மூஞ்சியைப் பார்க்க மாட்டேனுட்டாரே.

கடைசியில என்ன ஆச்சு? கூட வேலை பார்த்த நவீன்ங்கிற தெலுங்குப் பையனை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டு, மாலையோட வந்து வாசல்ல நின்னுச்சு. அக்கா அழுதுக்கிட்டே ஆரத்தித் தட்டைத் தேடறா. நான் கதவுக்கிட்ட நிக்கிறேன். இவர் மெதுவா எழுந்து வந்தாரு. கத்தல. அடிக்கல. "எனக்குக் கோபம் இல்லம்மா. பற்றும் இல்ல. நான் உன்னை விட்டுட்டேன்"னாரு. அந்தக் கையை மூடி, விரல் விரலாப் பிரிச்சாரு.

ஹேமா ஓடிப் போய் அந்தக் கையைப் பிடிச்சுச்சு. "திட்டுங்கப்பா. ப்ளீஸ்ப்பா, நாலு அறை கூட அறைங்க. இப்படிப் பண்ணாதீங்க"ன்னு கெஞ்சுச்சு. இவர் உள்ளே போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துட்டாரு.

நம்ம ஆளுங்க எத்தனை பேர் பொண்ணைத் தள்ளி வச்சிருக்காங்க, எனக்குத் தெரியாதா? மானம் போச்சுன்னு குதிப்பான், சாதி போச்சுன்னு குதிப்பான், வாசல்ல தண்ணி தெளிச்சு விட்டுட்டேன்ம்பான். அவன்கிட்ட சண்டை போடலாம். நாலு வருஷத்துல பேரன் மூஞ்சியைப் பார்த்து இளகியும் போயிடுவான். இவரும் அதையேதான் பண்ணாரு, ஆனா அதுக்கு வைராக்கியம்னு பேர் வச்சுட்டாரு. வைராக்கியத்தோட யார் சண்டை போடறது? பற்று வேற, பாசம் வேறன்னு தெரியாதவர் என்னத்த யோகா படிச்சாரு? பிடிச்சதை விடுன்னா, பிடிவாதத்தை விடுன்னு இவருக்கு ஒரு நாளாவது தோணிச்சா?

அக்காகிட்ட, "நீயும் விடு"ன்னு சொல்லிட்டாரு. அக்கா அப்போலேர்ந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பொண்ணை ஒரு தடவை "வா"ன்னு கூப்பிடுங்க. ஒரு எழுத்து. மன்னிக்க வேண்டாம், விருந்து வைக்க வேண்டாம், வான்னா போதும், அது ஓடி வந்துடும். அது குடியிருக்கிற உப்பல் என்ன அமெரிக்காவுலயா இருக்கு? தினம் சாயங்காலம் அந்தப் பாயில உட்கார்ந்து, "இன்னிக்கும் எனக்கு ஹேமா ஞாபகம் வந்துச்சு"ன்னு தப்பைச் சொல்லுவா எங்க அக்கா. பெத்தவளுக்குப் பிள்ளை ஞாபகம் வர்றது தப்பாம்! இவர், "கவனி. வந்தது போயிடும்"பாரு. ஹேமாவுக்குப் பொண்ணு பிறந்துச்சுன்னு செய்தி வந்த அன்னிக்கும் அதேதான் சொன்னாரு.

இன்னொண்ணு சொல்லணும். வியாழக்கிழமை அவருக்கு மௌன விரதம். விடிஞ்சதுலேர்ந்து மறுநாள் விடியற வரைக்கும் வாய் திறக்க மாட்டாரு. அன்னிக்கு அவர் போனை அக்கா எடுத்துப் பேசணும், கேஸ்காரன்கிட்ட அக்கா பேசணும், அவர் கண்ணு எங்க போகுதுன்னு பார்த்து அக்கா தண்ணி குடுக்கணும், விசிறி குடுக்கணும். அவர் ஒருத்தர் பேசாம இருக்க எங்க அக்காவுக்குத் தொண்டை கட்டிப் போகும். ஆனா உள்பார்வை மட்டும் அன்னிக்கும் உண்டு. அவர் கேட்பாரு, மத்தவங்க சொல்லணும்.

அப்படி ஒரு வியாழக்கிழமை. பெருமாள் கோயில் பிரசாதம் குடுக்க மேல போனவ நானும் பாயில மாட்டிக்கிட்டேன். அக்கா முறை வந்துச்சு. அவ பாலைப் பத்தியோ காயைப் பத்தியோ பேசல.

"நான் உங்ககிட்ட பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன். வாரா வாரம் கோயிலுக்குன்னு சொல்லிட்டு உப்பல் போறேன். குழந்தையைக் குளிப்பாட்டறேன், சாம்பிராணி போடறேன், மடியில போட்டுத் தூங்க வைக்கிறேன். அது தப்பில்ல. திரும்பி வந்து, நம்ம பூஜை அலமாரி விபூதியையே எடுத்து, கோயில் விபூதின்னு உங்க நெத்தியில வச்சேன் பாருங்க, அது தப்பு. அதை இன்னியோட விட்டேன்."

அவர் கண்ணைத் திறந்து அவளையே பார்க்கிறாரு.

"இன்னிக்கு நீங்க பேச மாட்டீங்க, எனக்குத் தெரியும். உங்க விரதத்தை நான் கெடுக்கல. நாளைக்குக் காலைல போன் பண்ணி அவளை வான்னு சொல்லுங்க. சொல்றேன்னு இப்போ தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். ஆட்டலன்னா நான் அவகிட்டயே போயிடறேன்."

நான் சாமி மேல சத்தியமாச் சொல்றேன், அவர் தலை ஆடப் போகுதுன்னுதான் நினைச்சேன். அப்புறம் அந்தக் கை மேல வந்துச்சு. மூடுச்சு. ஒவ்வொரு விரலாத் திறந்துச்சு.

"வாயில என்ன கொழுக்கட்டையா அத்தான்?"னு நான் கத்தினேன். பெண்டாட்டி போறேன்னு நிக்கிறா, ஒரு வார்த்தை இரும்மான்னு சொல்ல இந்த ஆளுக்கு வியாழக்கிழமை குறுக்க வருது! அக்கா என்னை அடக்கிட்டு எழுந்து உள்ளே போனா. ரெண்டு புடவை, அவ மாத்திரை டப்பா, அவ்வளவுதான் பையில போட்டா. வெளியில வர நேரமாகுதேன்னு எட்டிப் பார்த்தா, சமையல்கட்டுல நின்னு மறுநாளைக்குப் பயறு ஊறப் போடறா, பைத்தியக்காரி. நான் அந்தப் பாத்திரத்தைப் பிடுங்கப் போனேன், குடுக்க மாட்டேனுட்டா. நான்தான் ஆட்டோ பிடிச்சு உப்பல்ல கொண்டு விட்டேன்.

மறுநாள் விடிகாலையில மாடியில பாயை விரிச்சுக்கிட்டு கிளாஸ்காரங்க உட்கார்ந்திருக்காங்க, குருவைக் காணோம். வெயில் ஏறினப்புறம்தான் வந்தாரு, கண்ணுல தூக்கக் கலக்கத்தோட. தொட்டு எழுப்ப ஆள் இல்லையே. வந்தவர் என்ன சொன்னார்னு நினைக்கறீங்க? "மகளை விட்டேன். இப்போ மனைவியையும் இறைவன்கிட்ட ஒப்படைச்சுட்டேன்"னாராம். ரெண்டு மூணு பேர் அழுதுக்கிட்டே காலைத் தொட்டுக் கும்பிட்டாங்களாம். எனக்குப் போன் பண்ணாங்களே, அந்த அம்மாவும் அதுல ஒண்ணு. இறைவன்கிட்ட இல்லம்மா, எங்க அக்கா உப்பல்ல ஒண்ணரை ரூம் வீட்டுல, பேத்தியோட ஒரே கட்டில்ல படுத்திருந்தா.

அதுக்கப்புறம் அவர் தனியாத்தான் இருந்தாரு. அக்காவும் ஹேமாவும் திரும்ப அந்த வீட்டுக்குள்ள வந்தது போன வருஷம், அவரைக் கிடத்தியிருந்தப்போதான். தூக்கத்துலயே போயிட்டாரு. எல்லாக் காரியமும் முறையா நடந்துச்சு, ஹேமாதான் கொள்ளி வச்சுச்சு. எங்களுக்குன்னு ஒரு வார்த்தை விட்டுட்டுப் போகல.

ஆனா இடையில ஒரு தடவை வந்தாரு. அதைத்தான் இத்தனை நாள் நான் யார்கிட்டயும் சொல்லல.

அக்கா உப்பல் போய் ரெண்டு வருஷம் இருக்கும். அன்னிக்கு எனக்கு ஆபீஸ் லீவு, உப்பல் போயிருந்தேன். பேத்தி வாசல்ல கேட்டைப் பிடிச்சு ஆடிக்கிட்டிருக்கு. திடீர்னு, "அம்மா, எவரோ தாத்தா வச்சாரு!"ன்னு தெலுங்குல கூவுச்சு, யாரோ தாத்தா வந்திருக்கார்னு. எட்டிப் பார்த்தா, கேட்டுக்கு வெளியில வெள்ளை வேட்டியில அவர். இளைச்சுப் போயிருந்தாரு. கையில ஒரு பை சப்போட்டா. ஹேமாவுக்குச் சின்ன வயசுல சப்போட்டான்னா உயிர்.

ஹேமா ஓடி வந்துச்சு. "அப்பா!"ங்குது. அவர் அவளைப் பார்க்கிறாரு, குழந்தையைப் பார்க்கிறாரு. உதடு ஒட்டினபடியே இருக்கு. "என்னப்பா? உடம்பு சரியில்லையா? ஏதாவது சொல்லுங்கப்பா"ன்னு இது அழுவுது. அவர் பையை நீட்டறாரு. வாய் திறக்கல. கண்ணு மட்டும் கலங்கி இருந்துச்சு, நான் பார்த்தேன், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

அக்கா சமையல்கட்டுலேர்ந்து ஈரக் கையோட வந்தா. அவரைப் பார்த்தா. அப்புறம் என்கிட்ட திரும்பி, "இன்னிக்கு என்ன கிழமை?"ன்னா.

எனக்கு அப்போதான் உறைச்சுது. வியாழக்கிழமை. இந்த மனுஷன் நாள் பார்த்து வந்திருக்காரு. வாரத்துல வேற எந்த நாள் வந்தாலும் அவளைப் பார்த்து ஏதாவது சொல்லியாகணும். வான்னு சொல்லணும், எப்படி இருக்கேன்னு கேட்கணும், நான் பண்ணது தப்புன்னு கூட சொல்ல வேண்டி வரலாம். இன்னிக்கு வந்தா ஒண்ணும் சொல்ல வேண்டாம். சப்போட்டாவைக் குடுத்து, குழந்தையைத் தூக்கி, சாப்பிட்டு, விரதமும் கெடாம, வீறாப்பும் கெடாம வீட்டுக்குப் போயிடலாம்!

அக்கா கேட்டைத் திறக்கல. குரல் உயர்த்தவும் இல்ல. "இவ்வளவு தூரம் வந்தீங்களே, எனக்கு சந்தோஷம். ஆனா இன்னிக்கு வேண்டாங்க. நாளைக்கு வாங்க. வந்து அவளை வாய் திறந்து கூப்பிடுங்க. உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வெங்காயம் பூண்டு இல்லாம சமைச்சு வைக்கிறேன்"னா.

ஹேமா, "நக்கோம்மா, வேண்டாம்மா, இப்பவே உள்ள விடும்மா"ன்னு கெஞ்சுச்சு. அக்கா அது கையைப் பிடிச்சுக்கிட்டா. அவர் பையைக் கேட்டுல மாட்டிட்டுத் திரும்பி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாரு.

நான் ராத்திரி அங்கேயே தங்கிட்டேன், மறுநாள் ஆபீஸுக்கும் லீவு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை காலைல எழுந்து பார்க்கிறேன், அக்கா தலைக்குக் குளிச்சு, வாசல்ல கோலம் போட்டு, நல்ல புடவை கட்டியிருக்கா. பயத்தம்பருப்பு போட்டு புடலங்காய்க் கூட்டு, சேனை வறுவல், கொஞ்சம் பாயசம். ஹேமா வேலைக்குப் போகல. நவீன் பாதி நாள் லீவு போட்டுட்டு வந்து புதுச் சட்டை மாட்டிக்கிட்டு, என்கிட்ட தனியா வந்து, "ஆண்ட்டி, நான் கரெக்டா சொல்றேனா பாருங்க. வாங்க மாமா, உக்காருங்க மாமா"ன்னு சொல்லிக் காட்டினான். தமிழ் வராத பையன். அந்த "வாங்க"வை அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னான்.

ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் நாலு பேரும் கேட்டைப் பார்க்கிறோம். பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்கு ஊட்டினா. ஒரு மணிக்கு நவீனைச் சாப்பிடச் சொன்னா, அவன் மாமா வரட்டும்னுட்டான். ரெண்டானப்போ, "கூட்டு ஆறிடுச்சு, கொஞ்சம் சுட வைக்கட்டுமா?"ன்னு அக்கா என்னைக் கேட்டா. சுட வச்சா. அப்புறம் இன்னொரு தடவை சுட வச்சா. நான் மாடிக்குப் போய் அவருக்குப் போன் அடிச்சேன். மணி அடிச்சு அடிச்சு நின்னுச்சு. மறுபடி அடிச்சேன். வெள்ளிக்கிழமைங்க அது. வாயை யாரும் கட்டிப் போடல.

வெயில் சாய்ஞ்சப்புறம் அக்கா நாலு தட்டு எடுத்து வச்சுப் பரிமாறினா. பாயசத்தை மட்டும் தொடல, அப்படியே மூடி வச்சா. ஹேமா சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, அக்கா, "சாப்பிடுடா கண்ணு, காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ"ன்னு முதுகைத் தடவினா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல அவ. நான்தான் கைகழுவப் போன இடத்துல குழாயைத் திறந்து விட்டு அழுதேன்.

போன் பண்ணாங்களே, அந்த அம்மாவுக்கு நான் சொல்றது இதுதான். உங்க குரு சொன்ன மாதிரி நானும் விட்டுட்டேம்மா. ஹீட்டரை விட்டேன், பயறை விட்டேன், வாட்ச்மேன் ரூமுக்கு மூட்டை தூக்கினதை விட்டேன், அவர் மாடியில சொன்ன அத்தனை பொய்யையும் விட்டேன். எங்க அக்கா நல்ல புடவை கட்டிக்கிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த ஒரு வெள்ளிக்கிழமையை மட்டும் நான் விட மாட்டேன். ஆகறதைப் பார்த்துக்கோங்க.